ருக்மிணி தேவி விட்டுச்சென்ற கரை

சின்னாளப்பட்டியில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். திண்டுக்கல் ஜவுளிக் கடைகளில் ‘கலாக்ஷேத்ரா பார்டர்’ என்று சொல்லி ஒரு சேலையை விரித்துக் காட்டும்போதெல்லாம், அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள பெண்மணியை நினைத்துக்கொள்வேன்.

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். 1920இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது எதிர்ப்பு மூண்டது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆடல் பயின்று, 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. இசை வேளாளர் மரபின் கலையை அவர் மாற்றியமைத்த விதம் குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால், நெசவுக்கு அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

மேடை உடைக்கான தேடல் அவரைத் தறியிடம் கொண்டுசேர்த்தது. வளாகத்திலேயே நெசவுக்கூடம் அமைத்தார். வழக்கொழிந்துவந்த அகன்ற கரைகளையும் அழுத்தமான நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்தார். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டையும் இழையோடு இழை பிணைப்பது கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெசவாளருக்கு அருகே உதவியாள் ஒருவரும் வேண்டும். நேரமும் கூலியும் கூடும் அந்த முறையை அவர் கைவிடவில்லை.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அவரது முயற்சியின் விளைவு. 1977இல் குடியரசுத் தலைவர் பதவி தேடிவந்தபோது மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். கலாக்ஷேத்ராவை நாடாளுமன்றம் 1993இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

அவர் மீட்ட கரை வாழ்கிறது. அதை நெய்யும் கை வாழ்கிறதா என்பதே என் கவலை. விசைத்தறி அதே தோற்றத்தைக் குறைந்த விலைக்குத் தந்துவிடுகிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985லேயே வந்துவிட்டது. ஆனாலும், கடையில் நிற்பவருக்கு இரண்டுக்குமான வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சுங்குடிக்குப் பெயர்பெற்ற எங்கள் ஊரில் திறமைக்குக் குறைவில்லை. வடிவமைப்பு, சாயம், தறி, நியாயமான கூலி ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை. நெசவுக்கூடத்தை ஆடலரங்குக்கு இணையாக மதித்தவர் ருக்மிணி தேவி. அவருடைய பெயரால் விற்கும் நாம், அந்த மதிப்பை நெசவாளரின் கூலியில் காட்ட வேண்டாமா?