ரஹீம் வாத்தியாரும் எங்க ஊர் டீமும்



நான் கணியூர்க்காரன். எங்க ஊர் கால்பந்து டீமுக்கு இந்த வருஷம் நான்தான் கேப்டன். ஆடிய ஏழு மேட்சில் ஆறு தோல்வி! அண்ணன்மார் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து அப்படியே மைதானத்துக்கு வருவார்கள். பாதி ஆட்டத்திலேயே மூச்சு வாங்கும். வெளியே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டு பத்தாவது படிக்கிற பொடியன்கள் நிற்பான்கள். ஆனால் ஜெர்சி, பந்து எல்லாம் அண்ணன்மார் சம்பளக் காசு. அவர்களை உட்காரச் சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்த யோசனையில் இருந்தபோதுதான் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையைப் படித்தேன்.

1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். தொழில், பள்ளிக்கூட வாத்தியார். ஐதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்குப் பயிற்சி கொடுத்தார். 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கே! 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை. நம்மாட்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள்.

வாத்தியார் புத்தி அங்கேதான் வேலை செய்தது. சின்னப் பையன்களுக்காகவே விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். (எங்க டீமில் இதை வைத்தால் நானே தேறமாட்டேன்!) செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற ஊரில் பலராம் என்றொரு ஏழைப் பையன். பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லை. சைக்கிள் வாடகையை ரஹீமே கொடுத்து வரவழைத்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் டீமில் அந்தப் பலராம் இருந்தார். 20 வயது பி.கே.பானர்ஜியும் இருந்தார். ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு நாம்தான். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா! முதல் கோல் நம்முடையது. 4-1 என்று தோற்றோம் என்றாலும், பத்து வாங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போனபோது ரஹீமுக்குப் புற்றுநோய். டீமைப் பாருங்கள்: கேப்டன் சுனி கோஸ்வாமிக்கு 24 வயது, பின்வரிசையில் அருண் கோஷுக்கு 21. முதல் மேட்சில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்து மேட்சில் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். பின்வரிசைக்காரரான அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு மாற்றினார் ரஹீம். அதிலும் கோல், இறுதியிலும் கோல்! அதே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நம்ம நீலகிரி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டீமில் பேர் வாங்கியவர்.

1963 ஜூனில் ரஹீம் இறந்துவிட்டார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

வருகிற ஞாயிறு உடுமலையில் மேட்ச். லிஸ்டில் பொடியன்கள் இரண்டு பேரை எழுதிவிட்டேன். என் இடத்தில் ஒருத்தன். இன்னொருத்தன் எந்த அண்ணன் இடத்தில் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ் இறங்குவார். ஸ்டாப்பிலேயே நின்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.