சாமுவேல் இன்சல்

சாமுவேல் இன்சல் 1859ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். 1881இல் அமெரிக்கா சென்று எடிசனாரின் செயலாளராக அமர்ந்தார். 1892இல் சிகாகோ நகரின் சிறு மின்சாரக் கம்பெனி ஒன்றிற்குத் தலைவரானார்.

அந்நாளில் மின்விளக்கு செல்வர்க்கே உரியதாக இருந்தது. மாலையில் சிறிது நேரம் எந்திரங்கள் முழு ஆற்றலோடு சுழலும். எஞ்சிய பொழுதெல்லாம் பெரும்பாலானவை வாளா கிடக்கும். அவற்றை வாங்கிய கடனுக்குரிய வட்டியோ இரவும் பகலும் உறங்காது வளரும்.

1894இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குச் சென்றவர், கதவடைத்த கடைகளிலும் விளக்குகள் எரியக் கண்டு வியந்தார். ஒவ்வொருவரின் உச்சத் தேவையையும் காட்டும் கருவியொன்றை அங்கே ஆர்தர் ரைட் என்பார் அமைத்திருந்தார். அதனால் நெடுநேரம் பயன்படுத்துவோர்க்குக் கட்டணம் குறைந்தது.

சிகாகோ திரும்பிய இன்சல், மின்சுமை நாள்தோறும் ஏறியிறங்கும் போக்கை ஆராய்ந்தார். காலையிலும் மாலையிலும் டிராம் வண்டிகள், பகலில் ஆலைகள், இரவில் விளக்குகள், கோடையில் பனிக்கட்டித் தொழிற்சாலைகள் என ஒன்று ஓயும் வேளையில் மற்றொன்றை இயங்கச் செய்தார். ஏறத்தாழ 190 வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றில், தனித்தனி உச்சத் தேவைகளைக் கூட்டியபொழுது 68.5 கிலோவாட் வந்தது. அனைத்தையும் ஒருங்கே அளந்தபொழுது உச்சம் 20 கிலோவாட்டே! எல்லா வீட்டாரும் ஒரே நொடியில் விளக்கேற்றுவதில்லை அன்றோ? இவ்வுண்மையால் கட்டணம் குறைந்தது. எளியோர் இல்லங்களிலும் ஒளி பரவியது.

மின்சுமையை அளந்தறிந்த அவர் கடன்சுமையை அளந்தாரில்லை. 1932இல் அவருடைய நிறுவனங்கள் சரிந்தன. அவற்றில் பணமிட்ட எண்ணற்றோர் தம் சேமிப்பை இழந்தனர். கிரேக்க நாட்டில் புகலடைந்த அவர், அமெரிக்காவிற்குக் கொண்டுவரப்பட்டு வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டார். 1934இல் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றார். 1938இல் பாரிசு நகரின் சுரங்க இரயில் நிலையமொன்றில் உயிர் நீத்தார்.