காசியை அளந்த பிரின்செப்

கங்கைக் கரையில் செழித்த நகரங்களுள் காசி மிகவும் தொன்மையானது. வருணை, அசி என்னும் இரண்டு சிற்றாறுகளுக்கிடையே அமைந்தமையால் அதனை வாரணாசி என்பர். பிறைபோல வளைந்த கரை நெடுகப் படித்துறைகள் இறங்கிச் செல்ல, அவற்றின்மேல் கோயில்களும் மடங்களும் மாளிகைகளும் நிரைநிரையாக ஓங்கி நிற்கும். அந்நகரைக் காண எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் சென்றனர். 17ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற குமரகுருபரர் அங்கே மடம் ஒன்று நிறுவினார். சென்றவர்கள் காசியை வணங்கினர், வாயார வாழ்த்தினர். ஆனால், அதன் தெருக்களை அளந்து, வீடுகளையும் மக்களையும் எண்ணி, அதன் தோற்றத்தை ஓவியமாகத் தீட்டி வைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர்.

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் இந்தியாவில் அவுரித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் திரும்பியவர். பின்னர் அப்பொருளை இழந்தவர். மக்கட்செல்வம் மிகுந்த அக்குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ், ஓவியம் வரைவதிலும் சிறு பொறிகளை அமைப்பதிலும் இளமையிலேயே வல்லவராக விளங்கினார். கட்டடக் கலையைக் கற்கத் தொடங்கினார். ஆயினும், கண்ணில் ஏற்பட்ட நோய் காரணமாக அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. விரும்பிய வழி அடைபட்டபோது அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. வேதியியலைப் பயின்று, இலண்டன் நாணயச் சாலையில் உலோகங்களின் மாற்று அறியும் தொழிலைக் கற்றார். பொன், வெள்ளி ஆகியவற்றின் தூய்மையைச் சோதித்து அறியும் தொழில் அது. அதனைச் செய்வோரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்றனர்.

1819ஆம் ஆண்டில் பிரின்செப் கல்கத்தாவை அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே காசி நாணயச் சாலைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. உலைக்களத்தின் வெப்பத்தைத் துல்லியமாக அளக்கும் வழிகளை ஆராய்ந்து, அம்முடிவுகளை 1828ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். ஒரு கிரெயின் எடையை 3,000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றையும் காட்டவல்ல துலாக்கோல் ஒன்றையும் அவர் அமைத்தார். கண்டதை அளவிட்டு அறிதல் அவருக்குத் தொழிலாக மட்டும் நில்லாது இயல்பாகவே ஆகிவிட்டது.

அவ்வியல்பு காசி மாநகருக்குப் பெரும்பயன் விளைத்தது. 1822ஆம் ஆண்டில் அவர் நகர் முழுவதையும் அளந்து, ஒரு மைலுக்கு எட்டு அங்குலம் என்னும் அளவில் படம் ஒன்றை வரைந்தார். இருவர் எதிரெதிரே வந்தால் விலகி நிற்க வேண்டிய குறுகிய சந்துகள் நிறைந்த ஊர் காசி. அத்தகைய ஊரை அளப்பது எளிய செயலன்று. அந்நாளில் நகரின் நடுவே பரந்து கிடந்த குளங்கள் பல பின்னர்ச் சுருங்கின, சில மறைந்தன. அவை இருந்த இடத்தை இன்று அறிய விரும்புவோர்க்கு அப்படமே சான்றாக விளங்குகிறது.

அளந்ததோடு அவர் அமைதி கொள்ளவில்லை. மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கி நோய்க்கு இடம் தந்தது. அந்நீர் வடிந்து செல்ல, நிலத்தின்கீழ் வளைவுக் கூரையுடைய கால்வாய் அமைக்கும் பணிக்குத் துணைநின்றார். காசிக்குக் கிழக்கே ஓடும் கர்மநாசை ஆற்றின் நீர் பட்டால் செய்த புண்ணியம் அழியும் என்று யாத்திரிகர் அஞ்சினர். அவர்கள் கால் நனையாமல் கடக்கும்படி அவ்வாற்றின் குறுக்கே கற்பாலம் அமைத்தார். பஞ்சகங்கைத் துறையின்மேல் ஔரங்கசீப் காலத்தில் எழுந்த பள்ளிவாசலின் நெடிய மினார்கள் சரியும் நிலையில் இருந்தன, அவற்றையும் செப்பனிட்டார்.

அந்நாளில் காசியின் மக்கள்தொகை ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டது என்று முந்திய கணக்கு ஒன்று கூறிற்று. பிரின்செப் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. முறையாகக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 1,80,000 பேரே நகரில் வாழ்கின்றனர் என்று காட்டினார். பெருமைக்காகக் கூட்டிச் சொல்வதைவிட உண்மையை உள்ளவாறு சொல்வதே ஒரு நகருக்குச் செய்யும் சிறப்பு என்பதை அக்கணக்கு உணர்த்துகிறது. படித்துறைகளையும் கோயில்களையும் திருவிழாக்களையும் அவர் ஓவியங்களாக வரைந்தார். அவை நூல் வடிவில் வெளிவந்தன. அவர் செப்பனிட்ட மினார்கள் இன்று இல்லை. அவர் வரைந்த ஓவியத்தில் அவை இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன.

1830ஆம் ஆண்டில் காசி நாணயச் சாலை மூடப்பட்டது. பிரின்செப் கல்கத்தாவுக்குச் சென்றார். 1832ஆம் ஆண்டில் அங்குள்ள ஆசியக் கழகத்தின் செயலாளரானார். பகலில் நாணயச் சாலைப் பணி. எஞ்சிய நேரமெல்லாம் பழங்காசுகளும் கல்வெட்டுப் படிகளும் என அவர் நாட்கள் கழிந்தன. தில்லி, அலகாபாத் முதலிய இடங்களில் நின்ற கற்றூண்களில் ஒருவகைப் பழைய எழுத்துக் காணப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் என்னும் சுல்தான் அத்தூண்களுள் இரண்டைத் தில்லிக்குக் கொண்டுவந்தபோதே, அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் ஒருவரும் இலர்.

பூட்டைத் திறக்கும் திறவுகோல் சாஞ்சியில் கிடைத்தது. அங்குள்ள தூபத்தைச் சூழ்ந்த கல்வேலியில் சிறு சிறு கல்வெட்டுகள் பல இருந்தன. அவற்றின் படிகளை 1837ஆம் ஆண்டில் பிரின்செப் ஒருங்கே வைத்து நோக்கினார். பெரும்பாலானவை ஒரே வகையான இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கொடை கொடுத்தோர் தம் பெயரைப் பொறித்திருத்தல் கூடும் என்றும், அவ்வாறாயின் இறுதிச் சொல் தானம் என்பதாகவே இருத்தல் வேண்டும் என்றும் அவர் உய்த்துணர்ந்தார். அக்கருத்து உண்மையாயிற்று. ஓரெழுத்து மற்றோரெழுத்துக்கு வழிகாட்ட, சில திங்களில் பிராமி எழுத்து முழுவதும் விளங்கிற்று. கமலாகாந்த வித்யாலங்கார் முதலிய இந்தியப் பண்டிதர்கள் கல்வெட்டுகளுக்குப் பொருள் காண்பதில் அவருக்குத் துணைபுரிந்தனர்.

தூண்களில் பிரியதரிசி என்னும் அரசர் பெயர் காணப்பட்டது. அவரை இலங்கை மன்னர் ஒருவர் என்று பிரின்செப் முதலில் கருதினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் என்பவர், பாலி மொழி நூல்களை ஆராய்ந்து, பிரியதரிசி என்பவர் மௌரியப் பேரரசர் அசோகரே என்று தெளிவுபடுத்தினார். பிரின்செப் தம் கருத்தைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார். மறைந்து கிடந்த மாமன்னர் மீண்டும் வரலாற்றில் இடம்பெற்றார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்னும் பெயர்கள் அசோகர் கல்வெட்டில் இருப்பதும் இவ்வாறே உலகுக்குத் தெரிந்தது.

இடைவிடாத உழைப்பு உடலைத் தாக்கிற்று. 1838ஆம் ஆண்டில் கடுமையான தலைநோய் அவரை வாட்டியது. கப்பலேறித் தாயகம் சென்றார்; ஆயினும் நலம் பெறவில்லை. நுண்ணிய எழுத்துகளுக்குப் பொருள் கண்ட அவ்வறிவு மங்கிற்று. 1840ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 22ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார். நாற்பத்தோராம் வயதை அவர் நிறைவுசெய்யவில்லை. கல்கத்தா மக்கள் ஊக்ளி ஆற்றங்கரையில் அவர் பெயரால் துறை ஒன்று அமைத்தனர். 1843ஆம் ஆண்டில் எழுந்த அதன் மண்டபம் இன்றும் நிற்கிறது.

பிரின்செப் பத்தாண்டுகள் வாழ்ந்த காசியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சாரநாத் உள்ளது. புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடம் அது. 1794ஆம் ஆண்டில், அங்கிருந்த பழைய தூபம் ஒன்றைக் கட்டடம் கட்டுவதற்குரிய செங்கற்களுக்காக இடித்தனர். அதன் பெருமை அந்நாளில் உணரப்படவில்லை. பிரின்செப் காசித் தெருக்களை அளந்து திரிந்த காலத்தில், அசோகர் நட்ட தூண் ஒன்று உடைந்து அங்கே மண்ணுக்குள் கிடந்தது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின், 1904–05ஆம் ஆண்டில், அது அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் உச்சியில் இருந்த நான்கு சிங்க உருவமே 1950ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசின் சின்னமாயிற்று. தூணில் இருந்த எழுத்தைக் கண்டவர்கள் திகைத்து நிற்கவில்லை. சங்கத்தில் பிளவு செய்வோரைக் கண்டிக்கும் அசோகரின் ஆணை அது என்று படித்தறிந்தனர். அவ்வாறு படிக்கும் வழியை அவர்களுக்கு அமைத்துத் தந்தவர், அத்தூண் அருகே புதைந்து கிடப்பதை அறியாமலே காசியில் வாழ்ந்து சென்ற அந்த நாணயச் சாலை அலுவலர்தாம்.