அரசு முத்திரைக்கு 33 ஆண்டுகள் காத்திருந்த கார்வே

மும்பை சர்ச்கேட் ரெயில் நிலையத்தில் இறங்கி ஆபீசுக்கு ஓடும் நம்மவர்கள், மகரிஷி கார்வே சாலையைத் தினமும் மிதிக்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டியே மரைன் லைன்ஸ் பக்கம் போகும் சாலை அது. அந்தக் கார்வே யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர் உண்டாக்கிய எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் தொடங்கி 33 ஆண்டுகள் வரை, சட்டத்தின் முத்திரை இல்லாத பட்டத்தைத்தான் அது கொடுத்து வந்தது. முத்திரை வரும் வரை அதைக் கைவிடாமல் காத்தவர் கார்வே.

110 மைல் நடை

தோண்டோ கேசவ கார்வே 1858-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி ரத்தினகிரி மாவட்டத்தில் ஷேராவலி என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது முருட் என்ற கடற்கரை ஊரில். வசதி இல்லாத குடும்பம்.

அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பரீட்சை நடந்தது சத்தாராவில். முருடிலிருந்து சுமார் 110 மைல். கார்வே சில நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்தே போனார். அங்கே இருந்தவர்கள் அவருடைய சிறிய உருவத்தைப் பார்த்தார்கள். 17 வயது ஆனவராகத் தெரியவில்லை என்று சொல்லிப் பரீட்சை எழுத விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு கோலாப்பூருக்குப் போய் எழுதித் தேறினார். ஒரு சான்றிதழின் அருமை அவருக்கு இளம் வயதிலேயே புரிந்துவிட்டது.

மெட்ரிக் தேறியது 1881-ல். 1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1891-ல் கோபால கிருஷ்ண கோகலே அழைக்க, புனா பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியர் ஆனார். 1914 வரை அங்கே வேலை பார்த்தார்.

விதவைகளுக்கு ஒரு வீடு

1891-ல் அவருடைய மனைவி ராதாபாய் இறந்துபோனார். கன்னிப் பெண்ணை மணக்கக் கார்வே விரும்பவில்லை. 1893-ல் கோதுபாய் என்ற விதவையை மணந்தார். முருட் ஊரார் அவரைத் தள்ளி வைத்தார்கள். சொந்தத் தாயார் வீட்டிலும் அவர் வழக்கம்போல் தங்க முடியாமல் போயிற்று.

அவர் மனம் தளரவில்லை. 1896-ல் விதவைப் பெண்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பிறகு அது புனாவுக்கு வெளியே ஹிங்கணே கிராமத்துக்கு மாறியது. கல்லூரியில் பாடம் முடிந்ததும் அங்கே நடந்து போய் வேலைகளைப் பார்ப்பார்.

படிப்பு இருந்தால்தான் பெண் சொந்தக் காலில் நிற்க முடியும் என்று அவர் அனுபவத்தில் கண்டார். ஜப்பானில் பெண்களுக்கென்று நடந்த பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. 1915-ல் பம்பாயில் நடந்த சமூக மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அதுபோல் ஒன்று நம் நாட்டிலும் வேண்டும் என்று சொன்னார். 1916-ல் தொடங்கியும்விட்டார். முதலில் சேர்ந்த மாணவிகள் 5 பேர்.

தாய்மொழியில் பாடம். ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும். அன்றைய நிலையில் இது பெரிய புதுமை.

பணம் வந்தது, முத்திரை வரவில்லை

அதே 1916-ல்தான் காசி இந்து பல்கலைக்கழகமும் தொடங்கியது. மாளவியா மக்களிடம் பணம் திரட்டினார். அரசாங்கம் சட்டம் செய்து கொடுத்தது. இரண்டு கையும் சேர்ந்ததால், அதன் பட்டம் முதல் நாளிலிருந்தே செல்லுபடி ஆனது. கார்வேயின் பல்கலைக்கழகத்துக்கு அப்படிச் சட்டம் கிடைக்கவில்லை.

1920-ல் பம்பாய் மில் அதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் நன்கொடை அறிவித்தார். அவருடைய தாயார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயர் பல்கலைக்கழகத்துக்கு வைக்கப்பட்டது. அதன் சுருக்கம்தான் எஸ்.என்.டி.டி.

15 லட்சம் அன்று மலை போன்ற தொகை. அந்தப் பணத்தால் கட்டிடம் எழுப்பலாம், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம். பட்டத்துக்கு மதிப்பை விலைக்கு வாங்க முடியுமா? முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் படித்து வாங்கிய பட்டத்தை அரசாங்கம் ஏற்காவிட்டால் பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கத்தானே செய்வார்கள்?

கார்வே ஓயவில்லை. 1929-ல், 71 வயதுக் கிழவராக, வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றித் தம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசி நிதி சேர்த்தார். பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனார். 1936-ல் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் பம்பாய்க்கு வந்தது.

சட்டம் வந்தது

நாடு விடுதலை அடைந்த பிறகு, 1949-ல் பம்பாய் சட்டசபை இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 1951-ல் அது சட்டப்படியான பல்கலைக்கழகம் ஆயிற்று. சர் விட்டல்தாசின் மனைவி பிரேம்லீலா தாக்கர்சி துணைவேந்தர் ஆனார். நிறுவியவரின் நோக்கம், நன்கொடையாளர் தாயாரின் பெயர் இரண்டும் அப்படியே நிலைத்தன. பட்டத்துக்கு மட்டும் அரசின் பலம் சேர்ந்தது.

சட்டம் வந்தபோது கார்வேக்கு வயது 91. கண்ணால் பார்த்துவிட்டார். 1958-ல், 100 வயதில், பாரத ரத்னா விருது பெற்றார். 1962 நவம்பர் 9-ந் தேதி 104-வது வயதில் காலமானார்.

நமக்கு ஒரு பாடம்

1956-ல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு சட்டப்படி, மத்திய அரசோ மாநில அரசோ சட்டம் செய்து அமைத்த பல்கலைக்கழகமும், அதற்கு உரிய அனுமதி பெற்ற நிறுவனமும்தான் பட்டம் கொடுக்கலாம். இருந்தாலும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டு எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நாம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளுக்கு பீஸ் கட்டுகிறோம். கட்டிடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து ஏமாறக்கூடாது. இந்தப் பட்டத்துக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

முத்திரை இல்லாமலும் 33 ஆண்டுகள் நேர்மையாகப் பாடம் நடத்த எல்லோரும் கார்வே ஆகிவிட மாட்டார்கள்.