செடியோடு கடல் கடக்கும் கேடு

முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சாலை வழியே புதுச்சேரி நகருக்குச் செல்வோர் தாவரவியல் பூங்காவை அன்றாடம் கடந்துபோகின்றனர். 1826-இல் பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த அப்பூங்காவை வளர்த்தெடுத்தவர்களில் தலையாயவர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்வதில் வாழ்நாளைக் கழித்த அவர், பயிரை அழிக்கும் பூச்சியின் ஆற்றலையும் நேர்நின்று ஆராய்ந்தவர்.

1793-இல் சுவிட்சர்லாந்தின் பிராஸ் என்னும் சிற்றூரில் பிறந்த பெரோத்தே, பாரிஸ் தாவரவியல் தோட்டத்தில் தோட்டக்காரராகப் பணியாற்றினார். 1819-இல் தளபதி பிலிபேர் தலைமையில் புறப்பட்ட கடற்பயணத்தில் இணைந்தார். ஆசியாவின் பயன்தரும் செடிகளைத் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பயிரிடச் செய்வதே அப்பயணத்தின் நோக்கம். ரீயூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகளில் அவர் செடிகளைத் திரட்டினார். மணிலாவிலிருந்து அவர் கொண்டுவந்த முசுக்கொட்டை வகை, 1821-இல் பிரான்ஸை அடைந்து பட்டுத் தொழிலுக்குப் பயன்பட்டது. பின்னர் 1824 முதல் 1829 வரை செனகலில் தங்கி அந்நாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார்.

1834-இல் புதுச்சேரிக்கு வந்த அவர், நீலகிரி மலையேறி ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். அம்மலையின் மண்ணுக்குள் வாழும் பாம்பு இனமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1839-இல் பிரான்ஸ் திரும்பிய பிறகு, பூச்சியியலாளர் கெரின்-மெனவிலுடன் இணைந்து ஓர் ஆய்வறிக்கையை எழுதினார். கரீபியக் கடலின் அண்டிலீஸ் தீவுகளில் காபித் தோட்டங்களை அழித்துவந்த ஒரு பூச்சியையும் ஒரு பூஞ்சையையும் பற்றிய அவ்வறிக்கை 1842-இல் வெளியானது. அப்பூச்சியே காபி இலைத் துளைப்பான். வெள்ளி நிறச் சிறு அந்துப்பூச்சியான இதன் புழு, இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்பகுதியைத் தின்னும். இலை பழுப்பேறி உதிரும், செடி நலியும். இதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பது அறிவியலாளர் கருத்து. காபிச் செடியும் அண்டிலீஸுக்கு வெளியிலிருந்தே வந்தது. பிரேசில் காபி உழவர்கள் இன்றளவும் இப்பூச்சியோடு போராடுகின்றனர்.

மீண்டும் புதுச்சேரிக்கு வந்த பெரோத்தே, 1870-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவர் கண்ட கேடு, அவர் நடந்த நீலகிரியிலும் பின்னாளில் தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட சீகை மரங்களில், அதே கண்டத்தைச் சேர்ந்த செதில் பூச்சி 1928-இல் காணப்பட்டது. அதன் இயற்கைப் பகையான பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் பெரோத்தே போற்றிய முசுக்கொட்டையையும் சூறையாடியது. 2010-இல் இறக்குமதி செய்யப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் அதை அடக்கின.

அயல்நிலத்தில் பூச்சி பெருகுவதற்குக் காரணம் எளிது: உணவு கிடைக்கிறது, தாயகத்தில் அதைக் கட்டுப்படுத்திய எதிரிகள் உடன் வருவதில்லை. ஒரே வகை மரம் மலைமலையாக நிற்கும் சீகை, பைன், தைலமரக் காடுகளில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. அங்கு மருந்து தெளிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, ஓடைநீரும் கெடும். எதிரிப் பூச்சியைத் தேடி, அது பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாது என ஆய்ந்து உறுதிசெய்ய ஆண்டுகள் ஆகும்.

ஆகவே வருமுன் காப்பதே சிறந்த வழி. அழிவுதரும் பூச்சிகளைத் தடுக்க 1914-லேயே இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் வந்தது. ஆயினும் பயணப் பெட்டிக்குள் ஒளித்து வரும் ஒரு பதியன் போதும், அத்தனை காவலும் வீணாக. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதனை கடுமையாக வேண்டும். நாற்றங்கால்களை வேளாண் துறை முறையாக ஆய்வு செய்ய வேண்டும். புதிய பூச்சியைக் காணும் உழவர் உடனே தெரிவிக்கவும், அதற்கு உடனே விடை கிடைக்கவும் வழி வேண்டும். பெரோத்தே காலத்தில் செடிகளைக் கடல் கடத்தியோர்க்கு இந்த ஆபத்தை உணர்த்துவார் இல்லை. அனைத்தும் அறிந்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை.