இரும்புப் பித்தர் வில்கின்சன்

இரும்பிலே படகு செய்தார். மூழ்கும் என்றார்கள். மிதந்தது!

இரும்பிலே சவப்பெட்டி செய்தார். அதுவும் யாருக்கோ அல்ல, தமக்கே! உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ்ந்தார்.

அவர் பெயர் ஜான் வில்கின்சன். இங்கிலாந்துக்காரர். இரும்பின் மேல் அவர் வைத்திருந்த ஆசையைப் பார்த்து, ஊரார் அவருக்கு இரும்புப் பித்தர் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால், இந்தப் பித்தர் இல்லாவிட்டால் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் ஒழுங்காக ஓட இன்னும் பல ஆண்டுகள் ஆகி இருக்கும். இன்று நம் பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் செய்கிற ஒரு வேலைக்கு, முதலில் வழி காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அது என்ன வேலை? முதலில் அதைப் பார்ப்போம்.

பிள்ளைப்பாக்கத்தில்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைப்பாக்கம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாக இருந்த அந்த வட்டாரம், இன்று எந்திர வட்டாரம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட வட்டாரங்களில் உள்ள பட்டறைகளுக்குப் பெரிய பெரிய இரும்பு வார்ப்படங்கள் வந்து இறங்கும். உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி ஆறவிட்டால் கிடைப்பது வார்ப்படம். பட்டறையில் இதைக் காஸ்டிங் என்பார்கள்.

வார்ப்படம் பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருக்கும். ஒரே அச்சில் செய்தாலும் ஒன்று போல் இன்னொன்று இராது. அம்மா தட்டும் அதிரசம் எல்லாம் ஒரே அளவாகவா இருக்கிறது? அது போலத்தான். ஒரு பக்கம் சதை கூடி இருக்கும். ஒரு பக்கம் குறைந்திருக்கும். உள்ளே பள்ளம் விழுவதற்காக வைத்த மண் கட்டி கொஞ்சம் நகர்ந்து போனால், நடுவிலே இருக்க வேண்டிய பள்ளம் ஓரமாகப் போய்விடும்.

இதைத்தான் கடைந்து, குடைந்து, பளபளப்பான எந்திர உறுப்பாக மாற்ற வேண்டும். இதற்கு சி.என்.சி. எந்திரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் கணக்குப்படி தானே நகர்ந்து அறுக்கும் எந்திரம் அது. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு வேலைகள் முதலில் நடந்தாக வேண்டும்.

பிடிப்பதும் தொட்டுப் பார்ப்பதும்

ஒன்று, காஸ்டிங்கை அசையாமல் பிடிப்பது. இப்படிப் பிடிக்கும் இரும்பு அமைப்பை பிக்சர் என்கிறார்கள்.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும். இந்த உண்மைதான் பிக்சருக்கு அடிப்படை. கரடுமுரடான காஸ்டிங்கை முதலில் மூன்று புள்ளிகளில் உட்கார வைப்பார்கள். பிறகு கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். எங்கே கீழே தாங்கல் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலேதான் இறுக்க வேண்டும். தாங்கல் இல்லாத இடத்தில் இறுக்கினால், இரும்பும் வளையும்! வளைந்த நிலையில் வட்டமாகத் துளை போட்டு, கிளாம்பைக் கழற்றினால் என்ன ஆகும்? இரும்பு பழைய நிலைக்குத் திரும்பும். வட்டத் துளை, முட்டை வடிவம் ஆகிவிடும். அவ்வளவு உழைப்பும் வீண்.

மற்றொன்று, தொட்டுப் பார்ப்பது. எந்திரத்தில் கத்தி இருக்கும் இடத்தில் புரோப் என்ற கருவியை மாட்டுகிறார்கள். அது ஒரு விரல் போல. அதன் நுனியில் சிறிய கெம்பு உருண்டை இருக்கும். அது காஸ்டிங்கை இங்கே தொடும், அங்கே தொடும். தொட்ட இடத்தை எல்லாம் எந்திரம் குறித்துக்கொள்ளும். காஸ்டிங் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது? எந்தப் பக்கம் சதை குறைவு? எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு ஏற்றபடி எந்திரம் தன் கணக்கை நகர்த்திக்கொள்ளும். போதிய சதை இல்லை என்றால், கத்தி படுவதற்கு முன்பே காஸ்டிங்கைத் தள்ளி வைத்துவிடலாம்.

இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. கெம்பு விரல் இருக்கிறது. 250 ஆண்டுகளுக்கு முன்பு? தண்ணீரில் சுழலும் சக்கரமும், மனிதனின் கையும், மூளையும்தான் இருந்தன.

கண்ணீர் விட்ட மேதை

நீராவி எந்திரம் என்றதும் நமக்கு ஜேம்ஸ் வாட் நினைவுக்கு வருகிறார். அவர் 1736-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். நீராவியை வீணாக்காத புதிய எந்திரம் ஒன்றுக்கு 1765-ல் அவருக்கு வழி தோன்றியது. 1769-ல் காப்புரிமையும் பெற்றுவிட்டார்.

ஆனால் எந்திரம் ஓடவில்லை!

காரணம், சிலிண்டர். எந்திரத்தின் இருதயம் போன்ற பெரிய உருளை அது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வர வேண்டும். சிலிண்டர் சரியான வட்டமாக இல்லை. சந்து வழியாக நீராவி ஓடிப்போயிற்று.

பழைய எந்திரங்களில் பிஸ்டன் மேல் தண்ணீர் ஊற்றிச் சந்தை அடைப்பார்கள். வாட் அப்படிச் செய்ய முடியாது. அவருடைய எந்திரத்தில் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சூடு போய்விடும். தக்கை வைத்துப் பார்த்தார். எண்ணெய்த் துணி வைத்துப் பார்த்தார். காகிதம் வைத்துப் பார்த்தார். பழைய தொப்பியைக்கூட விட்டு வைக்கவில்லை. எதுவும் பலிக்கவில்லை.

இத்தனை நுட்பமான எந்திரத்தைச் செய்யக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று அந்தக் காலத்தின் பெரிய பொறியியல் வல்லுநரான ஸ்மீட்டனே கருதினார்.

வாட்டுக்குப் பணம் கொடுத்து வந்த ரோபக் என்பவர் 1773-ல் திவாலானார். அதே ஆண்டில் வாட்டின் மனைவியும் இறந்துவிட்டார். கையிலே காசு இல்லை. வீட்டிலே துணை இல்லை. மூளையில் மட்டும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

பர்மிங்காம் நகரில் இருந்த போல்டன் என்ற தொழில் அதிபர் அவரைக் கை கொடுத்துத் தூக்கினார். 1774-ல் வாட் பர்மிங்காமுக்குக் குடி போனார். ஆனால் சிலிண்டர்?

வண்டியில் பிறந்தவர்

இங்கேதான் நம் இரும்புப் பித்தர் வருகிறார்.

ஜான் வில்கின்சன் 1728-ல், இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்தில் பிறந்தார். தாயார் சந்தைக்குப் போகிற வழியில், வண்டியிலேயே பிறந்தார் என்று ஒரு கதை உண்டு. தந்தை ஐசக், இரும்பு வார்ப்புத் தொழிலாளி. உலைக்களத்துப் புகையில் வளர்ந்த பிள்ளைக்கு இரும்பே விளையாட்டுப் பொருள் ஆயிற்று. வேல்ஸ் நாட்டில் பெர்ஷாம் என்ற ஊரில் தந்தை நடத்திய ஆலையை, பிறகு மகன் ஏற்று நடத்தினார்.

அப்போது அந்த ஆலைகளுக்குப் பெரிய வருமானம், பீரங்கி. பீரங்கியை உள்ளே பள்ளம் வைத்து வார்த்தால், பள்ளம் கோணலாக விழும். குண்டு தவறும், சில சமயம் பீரங்கியே வெடித்து, சுட்டவனையே கொல்லும். வில்கின்சன் பீரங்கியைக் கட்டியாகவே வார்த்தார். பிறகு அதைச் சுழலவிட்டுக் குடைந்தார். 1774-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நாட்டின் பாதுகாப்புக்கு உரிய விஷயம் ஒருவர் கையில் இருக்கலாகாது என்று எதிர்ப்பு வந்து, 1779-ல் அந்த உரிமை ரத்தாயிற்று.

கோணலை நிமிர்த்திய தண்டு

சிலிண்டர் வேறு விதம். பீரங்கிக்கு ஒரு பக்கம்தான் வாய். சிலிண்டருக்கோ இரண்டு பக்கமும் வாய்.

அதுவரை சிலிண்டரை எப்படிக் குடைந்தார்கள்? நீளமான தண்டு ஒன்றின் நுனியில் கத்தி வைத்து, சிலிண்டருக்குள் விட்டுச் சுழற்றினார்கள். தண்டுக்கு ஒரு முனையில்தான் உறுதியான பிடி. மறு முனை தொங்கியது. ஆகவே கத்தி, வார்ப்படம் எப்படிக் கோணலாக இருந்ததோ, அப்படியே கோணலாகப் போயிற்று. கோணல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவன் கோணலாகத்தானே நடப்பான்?

வில்கின்சன் யோசித்தார். துணி உலர்த்தும் மூங்கிலை ஒரு முனையில் மட்டும் பிடித்தால், மறு முனை தொங்கும். இரண்டு முனையிலும் தாங்கினால்?

கனமான தண்டு ஒன்றைச் சிலிண்டரின் இந்த வாயில் விட்டு, அந்த வாய் வழியாக வெளியே எடுத்தார். இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்தார். சிலிண்டரை அசையாமல் இறுகக் கட்டினார். தண்ணீர்ச் சக்கரம் தண்டைச் சுழற்றியது. கத்தி அந்தத் தண்டின் மேலேயே மெல்ல மெல்ல நகர்ந்து குடைந்தது. இப்போது கத்தி பின்பற்றியது கோணல் வார்ப்படத்தை அல்ல, நேரான தண்டை!

எவ்வளவு சின்ன மாற்றம்! எவ்வளவு பெரிய பலன்!

1775-ல், 18 அங்குலக் குறுக்களவு உள்ள சிலிண்டர் ஒன்று பர்மிங்காமுக்குப் போயிற்று. வாட்டின் சோதனை எந்திரம் உயிர் பெற்றது. 1776-ம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய பெரிய எந்திரங்கள் இரண்டு ஓடின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில். அதன் சிலிண்டர் 50 அங்குலக் குறுக்களவு. நாலு அடிக்கும் மேல்! அந்த அகலத்திலும், அது பழைய ஷில்லிங் காசின் கனம்கூடப் பிசகவில்லை என்று போல்டன் வியந்து எழுதினார். மற்றோர் எந்திரம், வில்கின்சனின் சொந்த இரும்பு உலைக்குக் காற்று ஊதியது.

பதினோர் ஆண்டுக் கண்ணீர் தீர்ந்தது.

காசில் வந்த பிசகு

அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள், வாட் எந்திரம் என்றால் வில்கின்சன் சிலிண்டர்தான். செல்வம் கொழித்தது. 1787-ல் செவர்ன் ஆற்றில் இரும்புப் படகை மிதக்கவிட்டார். அதே ஆண்டில் தம் தலை பொறித்த செப்புக் காசு அடித்துத் தொழிலாளர்களுக்குக் கூலியாகவும் கொடுத்தார். உலகப் புகழ் பெற்ற இரும்புப் பாலம் வருவதற்கு முன்னின்று முயன்றவர்களிலும் அவர் ஒருவர்.

ஆனால் ஆசை யாரை விட்டது?

வாட் எந்திரம் வைப்பவர்கள், அதனால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டுக்கும் போல்டனுக்கும் கட்ட வேண்டும். வில்கின்சன், அவர்களுக்குத் தெரியாமலே எந்திரங்கள் செய்து பலருக்கு விற்றார். பங்கு கொடுக்கவில்லை.

இதைக் காட்டிக் கொடுத்தவர் யார்? சொந்தத் தம்பி வில்லியம்! அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. பகை முற்றி, பெர்ஷாம் ஆலையிலேயே பொருள்களை உடைக்கும் அளவுக்குப் போயிற்று. கோபத்தில் தம்பி, அண்ணனின் ரகசியத்தை வாட் தரப்பிடம் அவிழ்த்துவிட்டார்.

வில்கின்சன் பணம் கட்ட நேர்ந்தது. நட்பு முறிந்தது. 1796-ல் வாட்டும் போல்டனும் சொந்தமாக வார்ப்படச் சாலை திறந்து, தாங்களே சிலிண்டர் குடையத் தொடங்கினார்கள்.

காசின் கனம்கூடப் பிசகாமல் சிலிண்டர் குடைந்தவர், காசு விஷயத்தில் பிசகிவிட்டார்!

மிஞ்சியது எது?

1808-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, தமது 80-வது வயதில் வில்கின்சன் காலமானார். ஆசைப்பட்டபடியே இரும்புப் பெட்டியில் அடக்கமானார். ஆனால் அந்தப் பெட்டிக்கும் ஓய்வு இல்லை. பல முறை இடம் மாற்றிப் புதைக்கப்பட்டது. வாரிசுகள் கோர்ட்டு ஏறி வழக்காடினார்கள். 1828-க்குள் அவர் சேர்த்த பெரும் செல்வம் கரைந்து போயிற்று. லிண்டேல் என்ற ஊரில் அவருக்காக எழுப்பிய இரும்புத் தூண் மட்டும் நிற்கிறது.

செல்வம் போயிற்று. காசு போயிற்று. அந்த வேலை போகவில்லை.

பொருளை அசையாமல் பிடி. கருவியை வளையாமல் தாங்கு. அளந்து பார்த்து ஒப்புக்கொள். இந்த மூன்றும்தான் அன்று பெர்ஷாமில் நடந்தது. இன்று பிள்ளைப்பாக்கத்தில் நடப்பதும் அதுதான். அன்று ஒரு காசின் கனம் பிசகாவிட்டால் அதிசயம். இன்று தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்கு பிசகினால்கூடப் பல உறுப்புகளைத் தள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இரவு ஷிப்டு முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கம்பெனி பஸ்சில் வந்து இறங்குகிறானா? என்ன வேலை செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். காஸ்டிங்கை பிக்சரில் ஏற்றினேன், புரோப் வைத்துப் பார்த்தேன் என்று சாதாரணமாகச் சொல்வான்.

அது சாதாரண வேலை அல்ல. ஜேம்ஸ் வாட் பதினோர் ஆண்டு காத்திருந்த வேலை!