வாசிக்கத் தெரியாதவர் வடித்த வாத்தியம்

மேடையில் மெல்லிசை நிகழ்ச்சி நடக்கும்பொழுது நம் கண்கள் பாடுபவரையே நாடும். ஓரத்தில் ஒருவர், நான்கே கம்பிகளும் நீண்ட கழுத்தும் கொண்ட கிட்டாரை அமைதியாக மீட்டிக்கொண்டிருப்பார். அவரை நாம் கவனிப்பதில்லை. ஆனால் அவர் கையை எடுத்துவிட்டாலோ, பாட்டின் அடித்தளமே சரிந்தது போலிருக்கும். அக்கருவிதான் பேஸ் கிட்டார். இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கூர்ந்து கேட்போர்க்கு அதன் ஆழ்ந்த நாதம் புதியதன்று. அதனை உலகெங்கும் பரவச் செய்தவர் அமெரிக்கரான லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவரது வாழ்க்கையைச் சற்றுக் காண்போம்.

இளமையும் இழப்பும்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பிழைத்தவர்கள். எட்டு வயதில் நோயினால் இடக்கண்ணை இழந்த சிறுவனுக்குக் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. அக்குறையை எண்ணி அவன் முடங்கிவிடவில்லை. வளரிளம் பருவத்தில் உறவினர் ஒருவர் பழைய வானொலிப் பாகங்கள் நிறைந்த பெட்டியொன்றை அனுப்பிவைத்தார். அன்று முதல் பிரித்துப் பார்ப்பதும் பூட்டிப் பார்ப்பதுமே அவனுக்கு விளையாட்டாயிற்று. பியானோவும் சாக்சபோனும் சிறிது கற்றானேயன்றி, அவற்றில் தேர்ச்சி பெறவில்லை.

கல்லூரியில் லியோ படித்தது கணக்கியல். கணக்கராக வேலை பார்த்து வந்தார். 1934இல் எஸ்தர் என்னும் மங்கையை மணந்தார். அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம் அது. வேலை பறிபோயிற்று. சோர்ந்துவிடாமல், 600 டாலர் கடன் வாங்கி, 1938இல் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றைத் திறந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நிறுவனத்துக்கு அதுவே வித்தாயிற்று.

குறைகளைக் கேட்ட செவி

அவ்வூர் இசைக் கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிபயர்களைப் பழுதுபார்க்க அவரிடம் கொண்டு வந்தனர். எந்த இணைப்பு அடிக்கடி அறுகிறது, எங்கே இரைச்சல் எழுகிறது, எந்தக் குமிழ் கைக்கு எட்டவில்லை என்று அவர்கள் சொல்லியவற்றையெல்லாம் லியோ பொறுமையுடன் கேட்டுக்கொண்டார். தமக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிப்பவர் சொல்லே அவருக்குப் பாடமாயிற்று. புதிதாக எதைச் செய்தாலும் கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். குறை கூறினால் மீண்டும் பட்டறைக்குச் செல்லுவார்.

1946இல் ஃபெண்டர் என்ற பெயரில் தொழில் தொடங்கினார். 1950இல், உள்ளீடற்ற பெட்டியாக அல்லாமல் முழு மரத்தால் ஆன மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். முதலில் செய்த சிலவற்றில், கம்பிகளின் இழுவிசை தாங்காமல் கழுத்து வளைந்துவிட்டது. கழுத்தினுள்ளே எஃகுக் கோல் ஒன்றைப் பொருத்தி அக்குறையைத் தீர்த்தார்.

பேஸ் கிட்டார் பிறந்த கதை

அக்காலத்து இசைக் குழுக்களில் ஆழ்ந்த நாதத்தைத் தந்தது டபுள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம். அது ஆள் உயரம் இருக்கும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. அவ்வளவு பெரிதாக இருந்தும், முரசும் எக்காளமும் முழங்கும்போது அதன் ஒலி அமுங்கிவிடும். மேலும், வயலினைப் போலவே அதற்கும் மெட்டுகள் இல்லை. விரல் சற்றே விலகினாலும் சுருதி பிசகும்.

இம்மூன்று தொல்லைகளையும் ஒரே கருவியால் தீர்க்க லியோ முனைந்தார். 1951இல் அவர் வெளியிட்ட பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். வீணைக்கு இருப்பதுபோல் அதற்கு மெட்டுகள் உண்டு. ஆகவே சுருதி துல்லியமாக நிற்கும். துல்லியம் என்னும் பொருள்படவே அதற்குப் பிரிசிஷன் பேஸ் எனப் பெயரிட்டார். கம்பிகளின் அதிரும் நீளம் 34 அங்குலம். அவற்றின் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரினும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. ஆம்ப்ளிபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இதற்கு முன்னரே, 1930களில், சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மெட்டுகளுடன் கூடிய மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார். ஆயினும் அது பரவவில்லை. ஃபெண்டரின் கருவி பரவியதற்குக் காரணம், அதற்கேற்ற துணைக்கருவியையும் அவர் செய்து கொடுத்ததே. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளே கொண்டது. அத்தகைய ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். எனவே 15 அங்குல ஒலிபெருக்கியுடன் பேஸ்மேன் என்னும் ஆம்ப்ளிபயரை 1952இல் வெளியிட்டார். பின்னர் அதுவே நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளோடு வந்தபோது, கிட்டார் வாசிப்போரும் அதை விரும்பி வாங்கினர். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் செய்த புகழ்பெற்ற ஆம்ப்ளிபயருக்கு இதுவே மாதிரி.

கருவி விலா எலும்பில் உறுத்துகிறது என்று கலைஞர்கள் கூற, 1954இல் அதன் விளிம்புகள் வளைத்துச் செதுக்கப்பட்டன. 1957இல் காந்தச் சுருளை இரண்டாகப் பிரித்து இரைச்சலைக் குறைத்தார். 1960இல், மெல்லிய கழுத்துடன் ஜாஸ் பேஸ் வந்தது.

1950களின் தொடக்கத்திலேயே மங்க் மாண்ட்கோமரி என்னும் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் குழுவில் இக்கருவியை வாசித்து, பல ஊர்களில் அறிமுகப்படுத்தினார். பின்னர் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் அதனைப் பேச வைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துவந்த கரோல் கே என்னும் பெண்மணி, 1963இல் ஒருநாள் பேஸ் கலைஞர் வராததால் அக்கருவியைக் கையிலெடுத்தார். அதன்பின் எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளமிட்டார். ஃபெண்டர் தொழிற்சாலையில் மெல்லிய சுருள்களைப் பொறுமையுடன் சுற்றியவர்களிலும் பலர் பெண்களே என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

பெயரை இழந்தும்

1960களில் லியோவை நாட்பட்ட நோய் பற்றியது. இனித் தேறமாட்டோம் என்றெண்ணி, 1965இல் தம் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றுவிட்டார். நிறுவனத்தோடு அவருடைய பெயரும் கைமாறியது. ஆனால் சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் நோய் நீங்கிற்று! உடலில் வலிமை இருந்தது, மனத்தில் எண்ணங்கள் இருந்தன. தாம் செய்யும் கருவியில் தம் பெயரைப் பொறிக்கும் உரிமைதான் இல்லை.

கோடிக்கணக்கில் பணம் இருந்தும் அவர் ஓய்வை நாடவில்லை. மியூசிக் மேன் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1976இல் அங்கிருந்து ஸ்டிங்ரே பேஸ் வெளிவந்தது. 1979இல் அருமை மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். அந்தத் துயருக்கிடையே, பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் இணைந்து ஜி அண்ட் எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்னும் பெயர்களின் முதலெழுத்துகளே அவை. அந்நிறுவனம் இருந்த தெருவின் பெயரோ ஃபெண்டர் அவென்யூ! தெருவுக்கு இருந்த பெயரைத் தம் கிட்டாருக்கு இட முடியாத நிலை அவருக்கு.

இறுதிக் காலத்தில் நடுக்குவாத நோய் கைகளைத் தளர்த்தியது. ஆயினும் இறப்பதற்கு முந்தைய நாள் வரை பட்டறைக்குச் சென்று வந்தார். 1991 மார்ச் 21ஆம் நாள் அவரது உயிர் பிரிந்தது. மறு ஆண்டு, ராக் இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடமளித்தனர். கிட்டார் வாசித்து மேடையேறாத ஒருவருக்கு இசையுலகம் செய்த மரியாதை அது.

முடிவுரை

நம்மில் எல்லாரும் பாடகியாக முடியாது. மேடையின் நடுவே நிற்கவும் முடியாது. ஆனால் பிறர் குறையைக் காது கொடுத்துக் கேட்கவும், நம் தவற்றை நாணாமல் திருத்தவும், நம் பெயர் இல்லாவிடினும் நம் வேலையைச் செவ்வனே செய்யவும் நம்மால் முடியும். ஒற்றைக் கண்ணும் திறந்த செவியும் கொண்டிருந்த அந்த எளிய மனிதரின் வாழ்வு இதனை நமக்குக் காட்டுகிறது. அடுத்த முறை மெல்லிசை கேட்கும்பொழுது, ஓரத்தில் ஒலிக்கும் அந்த ஆழ்ந்த நாதத்துக்கும் சிறிது செவி சாய்ப்போமாக.